ஊதியம் உயர்ந்தது, காப்பீடு போனது

கோவையில் மோட்டார் பம்புகளுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறை ஒன்றை என் பழைய மாணவர் ஒருவர் நடத்திவருகிறார். பதினான்கு பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு தொலைபேசியில் அழைத்த அவர், "சார், தொழிலாளர்களுக்கு எந்தக் காப்பீடு எடுத்தால் செலவு குறையும்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை.

கேள்விக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கும் போர்மேனுக்கு மாரடைப்பு. தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து இரண்டு ஸ்டென்ட் பொருத்தினார்கள். பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பாதியை முதலாளி முன்பணமாகக் கொடுத்தார். மீதிக்கு மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. இத்தனைக்கும் அவர் பதினாறு ஆண்டுகள் இஎஸ்ஐ சந்தா செலுத்தியவர். இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மாதச் சம்பளம் 20,500 ரூபாயிலிருந்து 22,500 ரூபாயாக உயர்ந்தது. 21,000 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தாண்டியதால் அவர் திட்டத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. மாதாந்தரப் பிடித்தம் நின்றதில் அன்று இருவருக்குமே மகிழ்ச்சி.

சிறு தொழில் நடத்துவோர் காப்பீட்டைப் பெரும்பாலும் ஒரு செலவுத் தலைப்பாகவே பார்க்கிறார்கள். ஒரு திட்டத்தின் பிரீமியத்தையும் மற்றொன்றின் பிரீமியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், பிரீமியம் என்பது காப்பீட்டின் பாதி விலைதான். திட்டம் தாங்காமல் விடும் செலவு யார் தலையில் விழுகிறது என்பது மறுபாதி. அந்தப் பாதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், மலிவானதாகத் தோன்றுவது விலையுயர்ந்ததாகவும், வீண் பிடித்தம் என்று கருதப்படுவது மலிவானதாகவும் மாறக்கூடும். அப்படிக் கணக்கிட்டுப் பார்த்தால் நம் சட்டங்களில் உள்ள சில ஓட்டைகளும் தெரியவரும்.

முதலில் இஎஸ்ஐ. தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு குறித்து ஆராயப் பேராசிரியர் பி.பி. அதார்கர் 1943-இல் நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அறிக்கை தந்தார். அதன் அடியொற்றி 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம், 1955-இல் கோவைக்கு வந்தது. ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த பஞ்சாலைகளின் காலம் அது. இன்று அந்த ஆலைகளில் பல மூடப்பட்டுவிட்டன. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் தொழில் என்பது இன்று பெருமளவில் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகளிலும் தையல் கூடங்களிலும் நடக்கிறது. சட்டத்தின் அடிப்படை வடிவம் மட்டும் ஆலைக் காலத்தின் சாயலோடு நிற்கிறது.

இப்போதைய விகிதப்படி முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும், தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்த வேண்டும். 2019 ஜூலைக்கு முன்பு இவை முறையே 4.75, 1.75 விழுக்காடாக இருந்தன. மாதம் 15,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு முதலாளியின் பங்கு ஏறத்தாழ 488 ரூபாய். தொழிலாளியின் பங்கு ஏறத்தாழ 113 ரூபாய். இருவரும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 7,200 ரூபாய். என் மாணவரின் பட்டறையில் உச்சவரம்புக்குள் இருக்கும் பதினொரு பேருக்கும் சராசரியாக இதே சம்பளம் என்று கொண்டால், அவருடைய ஆண்டுச் செலவு சுமார் 64,000 ரூபாய்.

இந்தத் தொகைக்குக் கிடைப்பது மருத்துவச் சிகிச்சை மட்டுமன்று. தொழிலாளி, அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகிய அனைவருக்கும் சிகிச்சை உண்டு. நோயுற்று வேலைக்கு வர இயலாத நாள்களுக்கு, சந்தா நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு ரொக்கமாகக் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை 80 விழுக்காடு. பணியிட விபத்தால் ஊனமுற்றால் ஊதியத்தில் 90 விழுக்காடு. உயிரிழந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம். பெண் தொழிலாளர்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்புக்கு முழு ஊதியம். ஒருவர் படுத்துவிட்டால் மருத்துவச் செலவு ஒரு பக்கம் ஏறும். வருமானம் மறுபக்கம் நின்றுபோகும். இந்த இரண்டாவது இழப்பை எந்தத் தனியார் மருத்துவக் காப்பீடும் வழக்கமாக ஈடுகட்டுவதில்லை.

முதலாளிகள் கணக்கில் சேர்க்க மறக்கும் இன்னொரு தொகையும் உண்டு. இஎஸ்ஐ வரம்புக்குள் இருக்கும் தொழிலாளிக்குப் பணியிட விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பைக் காப்பீட்டுக் கழகம் ஏற்கிறது. மகப்பேறு ஊதியத்தையும் அதுவே தருகிறது. வரம்புக்கு வெளியே இருப்பவர் என்றால் இரண்டும் முதலாளியின் தலையில். மாதம் 22,000 ரூபாய் பெறும் பெண் ஊழியர் ஒருவர் மகப்பேறு விடுப்பில் சென்றால், 26 வாரங்களுக்குச் சுமார் 1,32,000 ரூபாயை அந்தச் சிறு நிறுவனமே கொடுக்க வேண்டும். வேலையில் தேர்ந்த பெண்களை மேற்பார்வையாளர் நிலைக்கு உயர்த்தச் சிலர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டம் பெண்ணுக்குத் தந்த உரிமையின் செலவைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளாமல் ஒரு பட்டறையின் மீது இறக்கிவைத்தால், அந்தச் சுமை கடைசியில் பெண்ணின் வேலை வாய்ப்பின் மீதே திரும்புகிறது.

அப்படியென்றால் இஎஸ்ஐ மீது ஏன் இவ்வளவு குறை? குறைகள் உண்மையானவை. மருந்தகத்தில் நீண்ட வரிசை. சில நேரம் மருந்து இல்லை. சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டிய நிலை. பரிந்துரைச் சீட்டுக்காக இரண்டு நாள் கூலி இழப்பு. தினக்கூலி பெறும் ஒருவருக்கு இலவசச் சிகிச்சைக்காக இழக்கும் கூலியே கட்டணமாகிவிடுகிறது. ஆகவே அவர் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் 300 ரூபாய் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். 'பிடித்தம் மட்டும் நடக்கிறது' என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது.

ஆனால், இதற்குத் தீர்வு திட்டத்தைக் கைவிடுவதன்று. கழகத்தின் வருவாய் பல ஆண்டுகளாகச் செலவைவிட மிகுதியாக இருந்து, பெரும் உபரி சேர்ந்திருக்கிறது. தொழிலாளியின் பணமும் முதலாளியின் பணமும் வைப்புத்தொகையாக வட்டி ஈட்டிக்கொண்டிருக்க, தொழிற்பேட்டை மருந்தகத்தில் மருத்துவர் பணியிடம் காலியாக இருப்பதை எந்தப் பொருளாதாரக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த முடியாது. 2019-இல் சந்தாவைக் குறைத்தது சிறு தொழிலுக்கு உதவியது உண்மைதான். உபரியின் ஒரு பகுதியைக் கொண்டு மாலை நேர மருந்தகங்களையும் அருகிலுள்ள தனியார் மருத்துவமனைகளுடனான ஒப்பந்தங்களையும் விரிவுபடுத்தியிருந்தால், அந்த உதவி தொழிலாளியின் வீட்டு வாசல் வரை சென்றிருக்கும்.

இரண்டாவது வழி, தனியார் அல்லது பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் குழு மருத்துவக் காப்பீடு. இதன் சிறப்புகளை மறைக்க வேண்டியதில்லை. விரும்பிய மருத்துவமனையில் ரொக்கமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. பெரும்பாலான குழுத் திட்டங்களில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. முதலாளி செலுத்தும் பிரீமியம் தொழில் செலவாகக் கழிக்கப்படும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள ஐம்பது வயதுத் தொழிலாளிக்கு இது பெரும் ஆறுதல்.

சிக்கல் குழுவின் அளவில் இருக்கிறது. காப்பீடு என்பதே பெரும் எண்ணிக்கையின் விதியை நம்பி நிற்கும் ஏற்பாடு. கணக்குக்காக ஒன்றை அனுமானித்துக்கொள்வோம்: நூறு பேரில் ஒருவருக்கு ஆண்டில் ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவச் செலவு வரும். அப்படியானால் ஆளுக்கு 5,000 ரூபாய் வீதம் திரட்டினால் போதும். பத்தாயிரம் பேர் கொண்ட குழுவில் நூறு பேருக்கு அத்தகைய செலவு வரலாம். ஓராண்டில் அது எண்பதாகவோ நூற்றிருபதாகவோ இருக்கலாம். அதற்கு மேல் விலகுவது அரிது. நிதி தாங்கும். பதினான்கு பேர் கொண்ட பட்டறையில் திரளும் தொகை 70,000 ரூபாய். பெரும்பாலான ஆண்டுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருவருக்கு வரும். வரும்போது திரட்டியதைப் போல் ஏழு மடங்கு செலவாகும்.

அந்த ஆண்டு காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிடும். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது கடந்த ஆண்டின் கோரிக்கைகளைப் பார்த்துப் பிரீமியத்தை உயர்த்தும். தனிநபர் காப்பீட்டில் ஒருவர் கோரிக்கை வைத்தார் என்பதற்காக அவருடைய பிரீமியத்தை மட்டும் உயர்த்தக் கூடாது என்பது விதி. குழுக் காப்பீட்டில் குழுவின் அனுபவமே விலையைத் தீர்மானிக்கிறது. பெரிய நிறுவனம் பேரம் பேசும். பதினான்கு பேர் பட்டறைக்கு அந்த வலு ஏது? ஆக, சிறு குழுவுக்குக் கிடைப்பது முழுமையான காப்பீடு அன்று. பெருஞ்செலவை அடுத்த சில ஆண்டுகளுக்குத் தவணையாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி என்றே சொல்லலாம். பிரீமியம் கட்டுப்படியாகாமல் போனால் முதலாளி திட்டத்தை நிறுத்திவிடுவார். யாருக்கு அது மிகவும் தேவையோ அந்த நோயாளிதான் அப்போது நடுத்தெருவில் நிற்பார்.

முதலாளிகள் கவனிக்கத் தவறும் நுணுக்கங்களும் உண்டு. மூன்று லட்சம் ரூபாய்த் திட்டத்தில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், கூடுதல் வாடகையை மட்டும் கட்டினால் போதாது. மருத்துவர் கட்டணம், அறுவைச் சிகிச்சைக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைக்கப்படலாம். பிரீமியம் குறைந்த திட்டங்களில் இத்தகைய வரம்புகள் ஏராளம். கையொப்பமிடுவதற்கு முன்பு படிக்க வேண்டிய பக்கம், விலை அச்சிடப்பட்ட பக்கமன்று; வரம்புகள் அச்சிடப்பட்ட பக்கம்.

இந்த இடத்தில் அரசின் வரிக் கொள்கை ஒரு முரண்பாட்டைச் சேர்த்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும், குடும்பத்துக்காக எடுக்கும் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி அறவே நீக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், முதலாளி தொழிலாளர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு வரி தொடர்கிறது. ஒரு லட்சம் ரூபாய் பிரீமியத்துக்கு 18,000 ரூபாய் வரி. இயந்திரம் வாங்கினாலும் எஃகு வாங்கினாலும் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம். ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு அது கிடையாது. சட்டப்படி கட்டாயமாக எடுக்க வேண்டிய காப்பீடு என்றால் மட்டுமே விலக்கு. ஆகவே சட்டம் வற்புறுத்தாமல் தானாக முன்வந்து தொழிலாளியின் நலன் காக்கும் முதலாளிதான் இந்த வரியின் முழுச் சுமையையும் ஏற்கிறார்.

மூன்றாவது வழி, ஒவ்வொரு தொழிலாளியும் தன் பெயரில் தனிநபர் காப்பீடு எடுக்க, அதன் பிரீமியத்தில் ஒரு பகுதியை முதலாளி கொடுப்பது. வரி இல்லை. வேலை மாறினாலும் பாதுகாப்பு கூடவே வரும். ஆயுள் முழுவதும் புதுப்பிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும் வகையில், எல்லா நிறுவனங்களும் ஒரே விதிமுறைகளோடு விற்க வேண்டிய 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொதுத் திட்டத்தைக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2020-இல் கொண்டுவந்தது. இளம் தொழிலாளர்கள் மிகுந்த பட்டறைக்கு இந்த வழி பொருந்தும். ஆனால், வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். இதய நோயாளியின் விண்ணப்பத்தை நிறுவனம் ஏற்காமலும் போகலாம்.

நான்காவதாக அரசின் இலவசத் திட்டங்கள். தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாடு, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் அரண். ஆனால், அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் குடும்ப வருமானம் இருந்தால் தகுதி இல்லை. பட்டறைத் தொழிலாளி ஒருவரின் சம்பளமே பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும்.

இந்த வரம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. ஏழு பேர் பட்டறையில் மாதம் 14,000 ரூபாய் பெறுபவருக்கு இஎஸ்ஐ கட்டாயமில்லை, ஏனெனில் பத்துப் பேர் இல்லை. இலவசத் திட்டமும் இல்லை, ஏனெனில் அவர் 'ஏழை' இல்லை. பத்துப் பேருக்கு மேல் உள்ள பட்டறையில் 22,000 ரூபாய் பெறுபவருக்கும் இரண்டும் இல்லை. நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, இப்படி எந்தக் காப்பீட்டிலும் சேராமல் நடுவில் விடுபட்டோர் நாட்டு மக்களில் குறைந்தது 30 விழுக்காடு, அதாவது சுமார் 40 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிடும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. முன்னேற்றம்தான். எஞ்சியிருக்கும் அந்தப் பங்கில் அடகுக் கடைக்குப் போன நகைகளும் அடங்கும்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனமும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால், தானாக முன்வந்து இஎஸ்ஐயில் சேரலாம் என்று அது வழிசெய்கிறது. அபாயகரமான தொழில்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் திட்டத்தை விரிவுபடுத்த அரசுக்கு அதிகாரம் தருகிறது. விருப்பத்தின் பேரில் சேரும் காப்பீட்டில், நோயுற்றோர் மட்டுமே தேடி வந்து சேரும் ஆபத்து உண்டு என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். நிறுவனம் முழுவதும் ஒன்றாகச் சேர வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால், சிறு முதலாளிகளின் தயக்கம் சந்தாவைப் பற்றியது மட்டுமன்று. ஆய்வாளர், பழைய நிலுவை, அபராதம் பற்றிய அச்சமும் கூடத்தான். ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வதும், ஒரே பட்டறையை இரண்டு பெயர்களில் நடத்துவதும் இந்த அச்சத்தின் விளைவுகள். 2025 ஜூலையில் இஎஸ்ஐ கழகம் பழைய நிலுவையைக் கேட்காமல் புதிதாகப் பதிவுசெய்துகொள்ளும் வாய்ப்பை அறிவித்தது. அத்தகைய வாய்ப்பு எப்போதாவது வரும் சலுகையாக இல்லாமல் நிலையான நடைமுறையாக வேண்டும்.

செய்யவேண்டியவற்றுள் முதன்மையானது உச்சவரம்பைப் பற்றியது. 1948-இல் 400 ரூபாயில் தொடங்கிய இந்த வரம்பு, 2010-இல் 15,000 ரூபாயாகவும் 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அதன் பிறகு விலைவாசியும் கூலியும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பதை எவரும் அறிவர். வரம்பை அவ்வப்போது உயர்த்துவது தற்காலிக நிவாரணமே. வரம்பின் பொருளையே மாற்றுவதுதான் முறை. 21,000 ரூபாயைத் தாண்டியவரை வெளியேற்றாமல், அந்தத் தொகைக்கான சந்தாவையே தொடர்ந்து செலுத்தச் செய்யலாம். அப்போது வரம்பு சந்தாவுக்கான உச்சமாக இருக்கும். பாதுகாப்புக்கான முடிவாக இருக்காது. என் மாணவரின் போர்மேன் விஷயத்தில் அது இருவருக்கும் சேர்த்து மாதம் 840 ரூபாய், ஆண்டுக்கு 10,080 ரூபாய். ஓரளவு கூடுதல் ஊதியம் பெறுவோர் நிதியில் தொடர்வதால் கழகத்தின் வருவாயும் பெருகும். தம் குறைகளை உரக்கச் சொல்லத் தெரிந்தவர்கள் வரிசையில் நின்றால் மருந்தகங்களின் தரமும் உயரும்.

இரண்டாவதாக, சிறு, குறு நிறுவனங்கள் எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு வரியை நீக்க வேண்டும். அல்லது, செலுத்திய வரியை வரவு வைத்துக்கொள்ளவாவது அனுமதிக்க வேண்டும். தனியாக வாங்கினால் வரியில்லை, கூட்டாக வாங்கினால் வரி உண்டு என்பது காப்பீட்டின் தத்துவத்துக்கே எதிரானது.

மூன்றாவது பொறுப்பு தொழில் சங்கங்களுடையது. காப்பீடு பெறுவதற்காகவே ஒரு குழுவை உருவாக்கக் கூடாது என்பது விதி. ஆனால், வேறு நோக்கத்துக்காக ஏற்கெனவே இயங்கும் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகக் குழுக் காப்பீடு பெறலாம். கோவையின் பம்பு உற்பத்தியாளர்களும் வார்ப்பாலை உரிமையாளர்களும், திருப்பூரின் பின்னலாடைத் துறையினரும், சிவகாசியின் அச்சகத்தாரும் சங்கங்களாகத் திரண்டே இருக்கிறார்கள். மூலப்பொருள் விலைக்கும் மின்கட்டணத்துக்கும் ஒன்றாகக் குரல் கொடுப்பவர்கள், உச்சவரம்புக்கு வெளியே உள்ள ஊழியர்களுக்காகவும் ஒன்றாகப் பேரம் பேசலாம். தலா மூன்று பேர் உள்ள ஐந்நூறு பட்டறைகள் சேர்ந்தால் ஆயிரத்து ஐந்நூறு பேர். நான் மேலே சொன்ன கணக்கு அந்த எண்ணிக்கையில்தான் மெல்ல வேலை செய்யத் தொடங்கும்.

என் மாணவருக்கு இவற்றையெல்லாம் பிறகு விளக்கினேன். பதினொரு பேருக்கு இஎஸ்ஐ தொடரட்டும். அதைவிட மலிவான பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது என்றேன். வெளியே இருக்கும் மூன்று பேருக்கு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. ஏழு பேருக்குக் குறைவான குழுவைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. குழுத் திட்டம் வேண்டுமென்றால் ஏற்கெனவே பாதுகாப்பு உள்ளவர்களையும் சேர்த்துப் பதினான்கு பேருக்கும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் 18 விழுக்காடு வரி. மற்ற இருவருக்குத் தனிநபர் காப்பீடு எடுத்து, பிரீமியத்தை நிறுவனமே செலுத்துவதென முடிவாயிற்று. போர்மேனுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை.

அடுத்த முறை பேசியபோது மாணவர் இன்னொன்றையும் சொன்னார். வேலைக்குத் திரும்பிய போர்மேன், முதல் வாரமே அவருடைய அறைக்கு வந்து, தன் சம்பளத்தை மறுபடியும் 21,000 ரூபாய்க்குள் குறைத்துவிடும்படி கேட்டாராம். பத்தொன்பது ஆண்டு உழைப்பில் பெற்ற உயர்வைத் திருப்பிக் கொடுத்தாவது திட்டத்துக்குள் வர நினைக்கிறார் ஒரு தொழிலாளி. "நான் என்ன சார் பதில் சொல்வது?" என்று மாணவர் கேட்டார். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் கோவையில் இல்லை, தில்லியில் இருக்கிறார்கள்.